நாவற்குடாவில் ஒரு மாத அலுவலகம்

ஆனி மாதத்தில் பினாங்கிலிருந்து திருப்பூருக்கு வந்தேன். பத்து நாள் வீட்டில் இருந்தேன். ஐந்தாம் நாள் அம்மா ஒரு ஜாதகத்தை எடுத்தார். ஏழாம் நாள் அண்ணன், தன் பனியன் கம்பெனியில் எனக்கென்று ஒரு குளிர்சாதன அறை காலியாக இருப்பதாகச் சொன்னார். பத்தாம் நாள் திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் ஏறிவிட்டேன். இந்தப் பயணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்த நேர்மையான பதில் இதுதான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அப்பா சொல்வார். அதை அவர் பாராட்டாகச் சொல்வதில்லை.

மட்டக்களப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தமிழ் பேசினால் போதும். செலவு குறைவு. போர்நிறுத்தம் என்று ஒன்று மூன்று வருடமாகத் தாளில் இருக்கிறது. தாளுக்கு வெளியே எப்படி இருக்கிறது என்பதைக் கீழே எழுதுகிறேன். நான் தங்கிய வீட்டுக்காரரின் பெயரை மாற்றித் தவமணி அக்கா என்று எழுதுகிறேன். இந்தப் பதிவை முழுக்கத் தொலைபேசியில் அவருக்கு வாசித்துக் காட்டி, "போடுங்க" என்று அவர் சொன்ன பிறகே போடுகிறேன்.

புதிதாக வருபவர்களுக்காக என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம். தொப்பியிலும் சட்டைப் பையிலும் பூவேலை செய்யும் எம்பிராய்டரி இயந்திரம் படத்தைப் பார்த்துத் தைக்காது. எந்த இடத்தில் ஊசி இறங்க வேண்டும், நூல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று தையல் தையலாக அதற்குச் சொல்லித்தர வேண்டும். திருப்பூரில் இதற்குப் பஞ்சிங் என்று பெயர். நான் அதைத்தான் செய்கிறேன். ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் உள்ள சின்னச் சின்னக் கடைக்காரர்கள் மின்னஞ்சலில் படம் அனுப்புவார்கள், ஒரு நாளுக்குள் நான் தையல் கோப்பைத் திருப்பி அனுப்புவேன். முதலாளி, தொழிலாளி, கணக்குப்பிள்ளை எல்லாம் நானே. கோப்பு மிகச் சின்னது என்பதால் ஊர்ந்து போகும் இணையம்கூடப் போதும். ஒரு மடிக்கணினி, ஒரு பென் டிரைவ், ஒரு டாங்கிள் இருந்தால் என் அலுவலகம் தயார். டாங்கிள் என்பது மென்பொருளோடு வரும் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் துண்டு. அதைக் கணினியில் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். தொலைத்தால் மென்பொருளையே மறுபடி வாங்க வேண்டும். ஆகவே நான் எங்கே போனாலும் அது என் கைப்பையில் இருக்கும். வினை அங்கேதான் தொடங்கியது.

கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து காலை ஆறரைக்கு மட்டக்களப்புப் பேருந்து. கட்டணம் இருநூற்று நாற்பது ரூபாய் (இந்தப் பதிவில் எல்லாம் இலங்கை ரூபாய்). தூரம் முந்நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர். ஒன்பது மணி நேரம் ஆகும் என்றார்கள், பதினொன்று ஆனது. பொலன்னறுவை தாண்டிய பிறகு இரண்டு இடத்தில் எல்லோரும் பையோடு இறங்கி, வரிசையில் நடந்து, சோதனை முடித்து, அந்தப் பக்கம் நிற்கும் பேருந்தில் மறுபடி ஏற வேண்டும். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் இறங்கும் முன்பே சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து வாயில் கவ்விக்கொண்டார், இரண்டு கையும் பைகளுக்கு வேண்டும் என்பதால். ஊர்க்காரர்கள் எல்லோரும் அப்படி ஏதோ ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள்.

நகரத்திலிருந்து கல்லடிப் பாலம் தாண்டி நாவற்குடா சுமார் ஐந்து கிலோமீட்டர். ஓட்டோவுக்கு நூற்றெண்பது ரூபாய். ஓட்டுநர் வழியெல்லாம் என் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். "நீங்க படத்தில பறையிற மாதிரிப் பறையிறீங்க தங்கச்சி," என்றார். பறைதல் என்றால் இங்கே பேசுவது. பெண்ணிடம் பறையும்போது கடைசியில் ஒரு 'கா' போடுவார்கள்.

சுனாமியில் கடல் வந்து போனதிலிருந்து ஊர் முழுக்க வெளிநாட்டு உதவி நிறுவனங்கள் குவிந்திருக்கின்றன. நல்ல அறைகளுக்கெல்லாம் டாலர் வாடகை. நான்கு வீடு ஏறி இறங்கிய பிறகு தவமணி அக்காவின் முன்னறை மாதம் ஆறாயிரத்துக்குக் கிடைத்தது. அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. ஆஸ்பத்திரியில் தாதி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே தங்கை சுவிஸில் இருக்கிறார். வீட்டில் வேறு யாரும் இல்லை. அறையைக் காட்டும்போது அவர் கேட்ட கேள்விகள் இரண்டே இரண்டு.

"கறண்டு அடிக்கடி நிண்டு போகும். அதால உங்கட வேலைக்குக் கரைச்சல் இல்லையா?"

"மூணு மணி நேரம் பேட்டரி தாங்குங்கக்கா."

"இரவில வெளிய போற பழக்கம் இரிக்கா?"

"இல்லீங்க."

"இனியும் வேணாம்," என்று சாவியைக் கொடுத்தார்.

முதல் இரண்டு வாரம் நல்ல ஒழுங்கில் ஓடியது. காலை ஐந்து மணிக்கு எழுந்து பஞ்சிங். பத்தரைக்குப் பேருந்து பிடித்து நகரத்தில் ஒரு கொமினிக்கேசன் கடை. தொலைபேசி, பேக்ஸ், இணையம் எல்லாம் இருக்கும் கடைக்கு இங்கே அதுதான் பெயர். மணிக்கு எண்பது ரூபாய், மூன்று கணினி. நடுவில் இருப்பதில் மட்டும் பென் டிரைவைச் செருகாதீர்கள், வைரஸ் தொற்றிக்கொள்ளும். கோப்புகளை அனுப்பி, புதுப் படங்களை இறக்கிக்கொண்டு, ஒரு சோற்றுப் பார்சலும் பாணும் (இங்கே ரொட்டிக்கு அந்தப் பெயர்) வாங்கித் திரும்பினால் மதியம் இரண்டு. மாலை ஆறு மணிக்குத் தெரு காலியாகிவிடும். எங்கோ ஒரு சத்தம் கேட்கும். அக்கா சமையலறையிலிருந்து, "அது தூரத்தில," என்பார். பக்கத்தில் என்றால் ஒன்றும் சொல்லாமல் விளக்கை அணைப்பார். அடுத்த நாள் கர்த்தால் என்று கடைகள் சாத்திக் கிடக்கும். வாடிக்கையாளர்களுக்கு இதையெல்லாம் எழுத முடியாது. 'இங்கே உள்ளூர் விடுமுறை' என்று எழுதுவேன். மெல்பர்னில் தொப்பிக் கடை வைத்திருக்கும் அம்மாள், அவர்தான் என் பெரிய வாடிக்கையாளர், 'உங்கள் ஊரில் நிறைய விடுமுறை, பொறாமையாக இருக்கிறது' என்று பதில் போட்டார்.

(இந்த வாவிக்குப் பேர்போன பாடும் மீனைக் கேட்டீர்களா என்று பின்னூட்டத்தில் கேட்க வேண்டாம். கேட்கவில்லை. இரவில் வாவிப் பக்கம் யாரும் போவதில்லை.)

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை எனக்கு வழக்கமான அரிப்பு வந்துவிட்டது. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை. சூரியன் மறையும் கரை என்பதால் அந்தப் பெயர். வயல்களும் கொக்கட்டிச்சோலைக் கோயிலும் அங்கே இருக்கின்றன. இந்தக் கரை ராணுவத்திடம், அந்தக் கரை இயக்கத்திடம். நடுவில் தண்ணீர். கோயிலுக்குப் போய்விட்டு மதியத்துக்குள் வருகிறேன் என்றேன்.

"போங்க. வெறும் கையோட போங்க," என்றார் அக்கா.

நான் வெறும் கையோடுதான் போனேன், கைப்பை தவிர.

ஆரையம்பதி வரை பேருந்து, அங்கிருந்து மண்முனைத்துறைக்கு ஓட்டோ. வாவியைக் கடக்க ஒரு மிதவை இருக்கிறது, இயந்திரம் பூட்டிய பலகை மேடை மாதிரி. ஊர்க்காரர்கள் அதைப் 'பாதை' என்கிறார்கள். நெல் மூட்டை, மோட்டார் சைக்கிள், ஆடு, ஆள் எல்லாம் ஒன்றாகப் போகலாம். ஏறும் முன் ராணுவச் சோதனை, இறங்கியதும் இயக்கத்தின் சோதனை. போகும்போது ஒன்றும் இல்லை. கோயிலைப் பார்த்தேன், வயல் வெளியில் இரண்டு மணி நேரம் நடந்தேன், ஒரு வீட்டில் தயிர் வாங்கிச் சாப்பிட்டேன். கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. 'வட்டை' என்கிறார்கள் அந்த வயல் பரப்பை. பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அடுத்து எங்கே போவது என்று யோசிக்காமல் நடந்தேன்.

திரும்பும்போது இந்தக் கரையில் ஒரு சிப்பாய் கைப்பையைக் கவிழ்த்தார். சீப்பு, பணப்பை, பாஸ்போர்ட், டாங்கிள்.

"மே மொகக்த?" இது என்ன என்று கேட்கிறார் என்று புரிந்தது.

தையல் என்று சைகை செய்தேன். கம்ப்யூட்டர் என்றேன். ஊசி குத்துவது போலக் காட்டினேன். நான் காட்டக் காட்ட அவர் முகம் இறுகிக்கொண்டே வந்தது. இயக்கத்தின் பக்கத்திலிருந்து வரும் இந்தியப் பெண், கையில் சின்ன விளக்குப் பொருத்திய மின்சாரத் துண்டு. நான் அவர் இடத்தில் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். இன்னொருவர் வந்தார், வயர்லெஸ்ஸில் பேசினார். முக்கால் மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு என்னைப் போகச் சொன்னார்கள். டாங்கிளை ஒரு பையில் போட்டு வைத்துக்கொண்டார்கள். நகரத்து முகாமுக்கு அனுப்புவோம், அங்கே போய்க் கேளுங்கள் என்று தமிழ் தெரிந்த ஒருவர் சொன்னார். ரசீது கேட்டேன். சிரித்தார்.

அடுத்த மூன்று நாளும் நான் இருந்த இருப்பை எழுதக் கூச்சமாக இருக்கிறது. முகாம் வாசலுக்கு இரண்டு முறை போனேன். காவல் அரணில் நின்றவர் முதல் நாள் 'நாளைக்கு' என்றார், மறுநாள் 'இல்லை' என்றார். மடிக்கணினியைத் திறந்தால் மென்பொருள் திறக்காது என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். திறந்து மூடுவேன், மூடித் திறப்பேன். அறையில் சுவருக்குச் சுவர் நடந்தேன். மூன்று ஆர்டர் காத்திருந்தது. மெல்பர்ன் அம்மாளுக்குப் பள்ளிக்கூடத் தொப்பி நூற்றைம்பது, வெள்ளிக்கிழமை தைத்தாக வேண்டும். அண்ணன் கம்பெனியின் குளிர்சாதன அறை கண்ணில் வந்து வந்து போனது. தனித்தொழில் செய்கிறேன், உலகம் சுற்றுகிறேன் என்று நான் எழுதிய பதிவுகள் எல்லாம் ஒரு கட்டைவிரல் பிளாஸ்டிக்கின் மேல் நின்றிருக்கின்றன. அதை நான் யோசித்ததே இல்லை.

புதன்கிழமை மாலை அக்கா வேலை முடிந்து வந்து, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாளைக்கு எனக்குப் பின்னேரம்தான் டியூட்டி. நான் வாறன் உங்களோட. ஆனா நான் சொல்றமாதிரி நடக்கவேணும்."

"சரிங்கக்கா."

"அழப்படாது. கெஞ்சப்படாது. வாசல்ல நிக்கிறவனோட வாய் குடுக்கப்படாது. அவன் இல்ல எண்டு சொல்லத்தான் அங்க நிக்கிறான். உள்ளுக்கு இரிக்கிற பெரியவரக் கேக்கவேணும். போங்க எண்டா கொஞ்சம் தள்ளி நிண்டுட்டு மறுகா வரவேணும். கோவம் வந்தாலும் முகத்தில காட்டப்படாது. விளங்குதா?"

"இதெல்லாம் உங்களுக்கு எப்படிங்க..."

"சோறு ஆறுது, சாப்பிடுங்க," என்றார்.

காலை எட்டு மணிக்கு முகாம் வாசலில் இருந்தோம். எந்த முகாம் என்று எழுதப்போவதில்லை. அக்கா வேலைக்குப் போகும் வெள்ளைச் சீருடையில் வந்திருந்தார். காவல் அரணில் நின்றவரிடம் சிங்களத்தில் இரண்டு வாக்கியம் பேசினார், குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எதிர்ப்பக்க வேப்பமரத்தடியைக் கை காட்டினார்கள். போய் நின்றோம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நான் மணி பார்த்தேன். அக்கா ஒரு முறையும் பார்க்கவில்லை.

"இந்த மரம் அப்ப இவ்வளவு பெரிசில்ல," என்றார் திடீரென்று.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"தொண்ணூறில அப்பாவ இஞ்சதான் கொண்டுவந்தவங்க. அரசாங்கக் கச்சேரியில கிளாக்கா இருந்தவர். சந்திக்குப் பாண் வாங்கப் போனவர், அந்த நேரம் சுத்தி வளைச்சுட்டாங்க. ஏத்திக்கொண்டு வந்து இந்த வாசலுக்குள்ள இறக்கினத எங்கட ஊர் ஆள் ஒருவர் கண்டவர். நான் அடுத்த நாள் காலம வந்தன். அப்பிடி ஒரு ஆள் இஞ்ச வரல்ல எண்டாங்க. ஏழு வருசம் வந்தன் கா. கிழமைக்கு ஒருக்கா, மறுகா மாசத்துக்கு ஒருக்கா. சிங்களம் இந்த மரத்துக்குக் கீழதான் படிச்சன்."

"அப்புறம் வரவே இல்லீங்களா?"

"எட்டு வருசமா இந்த றோட்டாலயே போறல்ல. ஆஸ்பத்திரிக்குச் சுத்தித்தான் போறன்."

எனக்காக ஏன் வந்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே ஒரு சின்ன அறை. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்கு இருபத்து மூன்று வயது இருக்கும், மீசை இன்னும் சரியாக அரும்பவில்லை. என் டாங்கிள் அவர் மேசையில் பிளாஸ்டிக் பையில் இருந்தது. ஆங்கிலமும் கொஞ்சம் தமிழும் பேசினார். இதை வைத்து என்ன செய்வீர்கள், காட்டுங்கள் என்றார். நல்லவேளை, மடிக்கணினியைக் கொண்டுபோகும்படி அக்கா சொல்லியிருந்தார். செருகினேன். மென்பொருள் திறந்தது. மெல்பர்ன் பள்ளிக்கூடத்தின் சின்னம், ஒரு கங்காரு, திரையில் தையல் தையலாக வாலிலிருந்து வளர ஆரம்பித்தது. அறையில் இருந்த நான்கு சிப்பாய்களும் குனிந்து பார்த்தார்கள். காது வந்ததும் ஒருவர் சிரித்தேவிட்டார். அதிகாரி டாங்கிளை எடுத்து என் கையில் கொடுத்தார். "மன்னிக்கணும் மிஸ். எங்கட ஆக்களுக்கு இது தெரியாது," என்றார் தமிழில்.

மடிக்கணினியை மூடினேன். எழுந்து கும்பிட்டேன். அதிகாரியும் எழுந்து, மரியாதைக்கு, "வேற ஏதும் உதவி?" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"ஓம். இன்னும் ஒண்டு இரிக்கி," என்றார் அக்கா.

அதற்குப் பிறகு சிங்களத்தில் பேசினார். எனக்கு அப்பாவின் பெயர் மட்டும் புரிந்தது. நின்றபடியே, அவசரமில்லாமல், மனப்பாடப் பாட்டுச் சொல்வது போலச் சொன்னார். கையால் தோளைத் தொட்டுக் காட்டினார், சட்டையைச் சொல்கிறார் போல. வலது புருவத்தின் மேல் விரலை வைத்தார், தழும்பாக இருக்கும். சிரித்துக்கொண்டிருந்த சிப்பாய் வெளியே போய்விட்டார். அதிகாரி உட்காரவில்லை. அக்கா முடித்த பிறகு மெதுவாக, தமிழிலேயே சொன்னார்:

"அம்மா, அப்ப எனக்கு எட்டு வயசு."

அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் அழுகையை எதிர்பார்த்தேன், கோபத்தை எதிர்பார்த்தேன். அக்கா, "சரி தம்பி," என்றார். வாசல் வரை அந்த அதிகாரி எங்களோடு நடந்து வந்தார். ஏன் வந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தோம். நான் நிறுத்தத்தைக் காட்டினேன், அவர் கவனிக்கவில்லை. பாலம் வந்ததும் நின்றார்.

"எட்டு வயசாம் கா. ரெண்டாம் வகுப்போ மூண்டாம் வகுப்போ படிச்சிருப்பான்." கைப்பிடிச் சுவரில் கை வைத்துக்கொண்டார். "நான் என்ன நினைச்சிரிந்தன் எண்டா, உள்ளுக்கு அண்டைக்கு இல்ல எண்டு சொன்ன அதே ஆள்தான் இரிக்கிறான், எனக்கு நரைக்கிற மாதிரி அவனுக்கும் நரைக்குது, ஒரு நாளைக்கு அவனுக்கு மனசு கேக்காமச் சொல்லுவான் எண்டு. உள்ள ஒருத்தரும் இல்ல. ஒரு சின்னப் பொடியன் இரிக்கிறான்."

வாவியில் ஒருவர் தோணியில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார். அவர் மூன்று முறை வீசும் வரை நாங்கள் அங்கேயே நின்றோம்.

அன்று மதியம் மூன்று ஆர்டரையும் முடித்து அனுப்பினேன். கனடாக்காரர் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மெல்பர்ன் அம்மாள் முதல் நாளே வேறு ஒருவரிடம் கங்காருவைக் கொடுத்துவிட்டிருந்தார். 'கோகிலா, உங்கள் வேலை நல்ல வேலை, ஆனால் உங்கள் ஊர் விடுமுறைகள் எனக்குக் கட்டுப்படியாகவில்லை' என்று எழுதியிருந்தார். பெரிய வாடிக்கையாளர் போனது போனதுதான். ஒரு வாரம் முன்பு என்றால் இரவெல்லாம் தூங்கியிருக்க மாட்டேன். அன்று வலித்தது, ஆனாலும் தூங்கினேன். மறுநாள் காலை வேறு கடைகளுக்கு மாதிரி அனுப்ப ஆரம்பித்தேன்.

இனி அந்த ஊரில் எனக்கு வேலை இல்லை. கண்டிக்குப் போய்விடலாம் என்று பையை எடுத்துத் தட்டினேன். அக்கா கதவருகே வந்து நின்றார்.

"ஆடி அமாவாசை முடியப் போங்களன். மாமாங்கத்துத் தீர்த்தம் பாக்காமப் போறதா?"

எதையும் கேட்காதவர் கேட்டார். பையை மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அந்த ஒரு வாரமும் என் கால் சும்மா இருக்கவில்லை, ஆனால் அக்காவின் காலும் சும்மா இருக்கவில்லை என்பதைக் கவனித்தேன். வேலை முடிந்து வந்தவர் உட்கார மாட்டார். பெட்டியை இழுப்பார், தள்ளுவார். கிணற்றடிக்குப் போவார், எதற்குப் போனோம் என்று நின்றுவிட்டுத் திரும்புவார். தங்கை சுவிஸிலிருந்து ஞாயிறுதோறும் தொலைபேசியில் கூப்பிடுவார், வந்து மூன்று மாதமாவது இருக்கச் சொல்லி. அக்கா எப்போதும், "வீட்ட ஆர் பாக்கிறது?" என்று சொல்லி வைத்துவிடுவார். அந்த ஞாயிறு அதைச் சொல்லவில்லை. "பாப்பம்," என்றார்.

அமாவாசை அன்று காலை ஆறு மணிக்கு என்னை எழுப்பினார். மேசையில் இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். ஒரே ஒரு தட்டு.

"உங்களுக்குங்கக்கா?"

"உங்கட அப்பா இரிக்கிறார்தானே?"

"இருக்காருங்க. நேத்துக்கூடத் திட்டினார்."

"அப்ப நீங்க சாப்பிடலாம். இண்டைக்கு அப்பா இல்லாதவங்கதான் விரதம்." முந்தானையால் மேசையைத் துடைத்தார். "தொண்ணூத்தொண்டிலருந்து ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் நான் காலம வயிறு முட்டச் சாப்பிட்டுத்தான் வேலைக்குப் போறனான். எல்லாரும் பாக்கச் சாப்பிடுவன். தங்கச்சி அங்க விரதம் பிடிக்கிறா எண்டு கேள்விப்பட்டு ரெண்டு வருசம் அவவோட பறையவே இல்ல."

"இன்னைக்கு?"

"இண்டைக்குப் பசிக்கல்ல," என்றார்.

எனக்குத் தட்டைத் தள்ளிவைக்கத்தான் தோன்றியது. ஆனால் அந்தக் காலையில், அந்த மேசையில், நான் சாப்பிடாமல் எழுந்தால் அதற்கு ஓர் அர்த்தம் வந்துவிடும். திருப்பூரில் என் அப்பா அப்போதுதான் டீ குடித்துக்கொண்டிருப்பார். ஆறு இடியப்பத்தையும் சாப்பிட்டேன். அக்கா எதிரே உட்கார்ந்து சொதி ஊற்றிக்கொண்டிருந்தார்.

மாமாங்கக் கோயில் இருக்கும் அமிர்தகழி, நகரத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள்தான். அன்று பேருந்து பாதி வழியிலேயே நின்றுவிடும், மிச்சத்தை நடக்க வேண்டும். பத்து நாள் திருவிழாவின் கடைசி நாள் அது. மணிக்கடை, வளையல் கடை, தயிர்ச்சட்டி விற்பவர்கள், ஒலிபெருக்கியில் காணாமல் போன பிள்ளைகளின் பெயர்கள். மாமாங்கேஸ்வரர் கோயில் குளத்தைச் சுற்றிப் படிக்கட்டே தெரியாத அளவுக்குத் தலைகள். குளக்கரையில் ஐயர்மார் வரிசையாகப் பாய் விரித்து உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவர் முன்னாலும் எள்ளும் தண்ணீரும். அக்கா முழுகி எழுந்து ஈரப் புடவையோடு ஒருவர் முன் போய் உட்கார்ந்தார்.

"ஆம்பிளப் பிள்ள ஒருத்தரும் இல்லையா?"

"இல்ல ஐயா. நான்தான் மூத்தவள்."

பெயர் கேட்டார், சொன்னார். நட்சத்திரம் கேட்டார், சொன்னார்.

"எப்ப காலமானவர்?"

அக்கா ஈர முந்தானையைப் பிழிந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நெருக்கினார்கள். நான் குனிந்து அவர் தோளில் கை வைத்தேன்.

"தெரியா," என்றார்.

ஐயர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்று காலையிலிருந்து எத்தனை பேரிடம் அந்தச் சொல்லைக் கேட்டாரோ. "தெரியாட்டிப் பரவாயில்ல. இண்டைக்கு எல்லாருக்கும் பொது," என்று எள்ளை அக்காவின் கையில் வைத்தார்.

இதே வழியில் வர நினைப்பவர்களுக்குத் தேவையானதை இங்கேயே எழுதிவிடுகிறேன். இந்தியக் கடவுச்சீட்டுக்கு இறங்கும் இடத்திலேயே முப்பது நாள் அனுமதி. நீட்டிக்கக் கொழும்புக்குத்தான் போக வேண்டும். மட்டக்களப்பில் இணையம் அஞ்சல் அட்டையை விட வேகம், அவ்வளவுதான். பெரிய கோப்பு அனுப்பும் தொழில் என்றால் வர வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாளாவது கடைகள் மூடியிருக்கும் என்று வைத்துக்கொண்டு தேதி கொடுங்கள், வாடிக்கையாளரிடம் உண்மைக் காரணத்தையே சொல்லுங்கள். நான் சொல்லியிருந்தால் மெல்பர்ன் அம்மாள் பொறுத்திருப்பாரோ என்று இப்போது தோன்றுகிறது. வாவியைக் கடந்தால் எந்த மின்சாதனமும் வேண்டாம், கைபேசிகூட. பாஸ்போர்ட்டின் நகல் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். அறை, சாப்பாடு, இணையம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து மாதம் பதினாறாயிரத்துக்குள் முடித்தேன். ஆனால் இப்போது கிளம்பலாமா என்று கேட்டால், நான் திரும்பி வந்த பிறகு நிலைமை இறுகிக்கொண்டே போகிறது. அங்கே இருப்பவர் ஒருவரிடம் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள், செய்தித்தாளை நம்பி வேண்டாம்.

விசா முடிய மூன்று நாள் இருக்கும்போது கிளம்பினேன். காலை ஐந்தரைப் பேருந்துக்கு இரண்டு பேர். ஆமாம், அக்காவும் வந்தார். சுவிஸ் விசாவுக்குக் கொழும்புக்கு நேரில் போக வேண்டும், போய்வர மூன்று நாள். பதினைந்து வருடத்தில் அந்த வீடு ஓர் இரவுகூட ஆளில்லாமல் இருந்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இரவு வேலை வந்தால் தெரிந்த பெண் யாரையாவது கூட்டிவந்து படுக்க வைத்துவிட்டுத்தான் போவாராம். எனக்கு அறை கொடுத்ததும் அதற்குத்தான்.

ஜன்னல்களைச் சாத்தினார். முன்கதவைப் பூட்டினார். பூட்டு பழகாத பூட்டு, இரண்டு முறை திறந்து பூட்டிப் பார்த்தார். சாவியை எடுத்துக்கொண்டு பக்கத்து வளவுக்குப் போனார். பக்கத்து வீட்டு அம்மா தூக்கக் கலக்கத்தோடு வேலியோரம் வந்து நின்றார்.

"ஆரும் வந்தாத் திறந்து குடுங்க," என்றார் அக்கா.

"ஆர் மிஸ் வரப்போறாங்க?"

"தெரியா. ஆரும் வந்தா." கொஞ்சம் தயங்கினார். "சாப்பிடாம வந்திருப்பாங்க. அரிசி பானைக்குள்ள இரிக்கி."

அந்த அம்மா சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அக்கா வந்து என் பைகளில் ஒன்றைத் தூக்கினார். சந்தியை நோக்கி நடந்தோம். எத்தனையோ ஊரில், எத்தனையோ வீட்டுச் சாவியை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்திருக்கிறேன். அன்று சந்து முடியும் வரை மூன்று முறை திரும்பிப் பார்த்தேன். அக்கா பார்க்கவில்லை. பேருந்தின் விளக்கு தூரத்தில் தெரிந்ததும், "கெதியா வாங்க, சீற்று போயிரும்," என்று எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார்.